மலைப்பாதையும் மோட்டார்க் காரின் இணைப்புத் தண்டும்

இலங்கையின் மத்திய மலைநாட்டில் நேரான வீதியைக் காண்பது அரிது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியாயினும், கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக ஏறும் வீதியாயினும், தேயிலைச் சரிவுகளை ஒட்டி வளைந்து வளைந்தே செல்கின்றன. கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடையுமுன் சாரதியின் கைகளுக்கு ஓய்வென்பதே இல்லை.

இவ்வளைவுகள் மோட்டார்ப் பந்தயப் பிரியரையும் கவர்ந்தன. 1930களில் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி, நுவரெலியாவின் ஏப்ரல் வசந்த விழாவோடு பிரிக்கவியலாதவாறு இணைந்துவிட்டது. ரதல்லப் பகுதியிலும் இத்தகைய போட்டி நடைபெற்று வந்துள்ளது. பொது வாகனங்கள் செல்லாதவாறு வீதியை மூடி, கார்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, மேலே சென்றடைய எடுத்த நேரத்தைக் கணக்கிடுவதே இப்போட்டியின் முறை. பந்தயக் கார்களின் முன்மூடியைத் திறந்தால், எஞ்சினுக்கு மேலே குறுக்காக ஓர் உலோகத் தண்டு பொருத்தப்பட்டிருப்பதைப் பலவற்றில் காணலாம். ‘ஸ்ட்ரட் பார்’ எனப்படும் இந்த இணைப்புத் தண்டை, இன்று வேகக் கார் வைத்திருக்கும் இளைஞர் பலரும் தாமாக வாங்கிப் பொருத்துகின்றனர். அதன் பயன் யாது? அதனால் ஆகாதது யாது? இரண்டையும் அறிந்துகொள்வது நன்று.

முற்காலக் கார்களில் கனத்த அடிச்சட்டம் ஒன்றின்மேல் உடல் தனியாக அமர்த்தப்பட்டிருந்தது. பின்னர் உடலும் சட்டமும் ஒன்றேயான அமைப்பு பரவியது. ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த முறையில், சுருள்வில்லும் அதிர்வடக்கியும் ஒரே தூணாக இணைந்து சக்கரத்தைத் தாங்குகின்றன. இத்தூணே ஸ்ட்ரட் ஆகும். 1950ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளிவந்த போர்ட் கொன்சல் கார் இம்முறையைப் புகழடையச் செய்தது. இன்றுள்ள சிறிய கார்களிற் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் இம்முறையிலேயே அமைந்துள்ளன.

தூணின் மேல்முனை, காரின் உடலிலுள்ள தகட்டுக் கோபுரம் ஒன்றிற் பொருத்தப்பட்டுள்ளது. கார் வளைவில் விரைந்து திரும்பும்போது, டயருக்கும் தரைக்குமிடையே எழும் விசை தூண் வழியாக இக்கோபுரத்தையும் பக்கவாட்டில் நெருக்குகிறது. தகடு சிறிதளவு நெளிகிறது. சக்கரத்தின் சாய்வும் அதற்கேற்ப மாறுகிறது. சாரதி திருப்பிய அளவுக்கும் சக்கரம் திரும்பும் அளவுக்குமிடையே நூலிழை வேறுபாடு தோன்றுகிறது.

இரு கோபுரங்களையும் இணைப்புத் தண்டு ஒன்றோடொன்று பிணைக்கிறது. தோட்டத்து வாயிலில் நட்ட இரு கம்பங்களின் தலைகளைக் குறுக்குச் சட்டத்தால் இணைத்தால், ஒன்றைத் தள்ளும்போது மற்றதும் தாங்கி நிற்கும் அன்றோ? அது போன்றதே இது. ஆயினும், சட்டம் இட்ட பின்னரும் இரு கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாயக்கூடும். அதுபோலவே இத்தண்டும் இடைவெளியைக் காக்குமேயன்றி, இரண்டும் சேர்ந்து நகர்வதை முற்றாகத் தடுக்காது. அதனாலேயே சில தண்டுகள் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரோடும் பிணைக்கப்படுகின்றன.

பழைய, உடல் தளர்ந்த கார்களில் இதன் பயன் கைக்குத் தெரியும். உறுதியான உடலமைப்புள்ள புதிய கார்களிலோ, சாதாரண ஓட்டத்தில் வேறுபாடு தெரிவது அரிது. விபத்தொன்றில் ஒரு பக்கம் அடிபட்டால், தண்டு அவ்வடியை மறுபக்கத்துக்கும் கடத்தக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

பொருத்தும் வேலை கடினமானதன்று. ஆனால் கவனம் வேண்டும். காரைச் சமதரையில், நான்கு சக்கரங்களும் நிலத்தில் ஊன்றியிருக்க நிறுத்த வேண்டும். கோபுரத்தின் ஓரத்திலுள்ள சிறிய நட்டுகளை மட்டுமே கழற்ற வேண்டும். நடுவிலுள்ள பெரிய நட்டு, அழுத்தப்பட்ட சுருள்வில்லைப் பிடித்து நிற்பது. அதைத் தொடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். தாங்கிகளை அமர்த்தியபின், உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு நட்டுகளை இறுக்கி, முன்மூடி இடிபடாமல் மூடுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். சில நாள் ஓட்டத்தின்பின் மீண்டும் இறுக்கிப் பார்ப்பதும் அவசியம்.

அனைத்துக்கும் முதலாகக் கோபுரத் தகட்டில் துருவோ வெடிப்போ உண்டா என ஆராய்தல் வேண்டும். வட்டவளை போன்ற மழை மிகுந்த இடங்களில் ஓடும் கார்களுக்கு இச்சோதனை இன்றியமையாதது. உக்கிய தகட்டின்மேல் தண்டைப் பொருத்துவது, இடிந்த சுவருக்கு வர்ணம் பூசுவதை ஒக்கும்.

இத்தண்டு டயருக்குப் பிடியைத் தராது. பிரேக்குக்கு வலுவையும் தராது. மலைநாட்டு வீதிகளில் உயிரைக் காப்பவையோ அவ்விரண்டுமே. 2023 ஜனவரியில், நானுஓயா–ரதல்ல குறுக்கு வீதியில் இறங்கிய பேருந்தொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் மாண்டனர். 2025 மே மாதத்தில், கொத்மலைப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சரிவில் ஒரு கணத் தவறு எத்துணைக் குடும்பங்களைத் துயரில் ஆழ்த்தும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே, கையிலுள்ள பணத்தை முதலில் தேய்ந்த டயர்களை மாற்றவும், பிரேக்கைச் சீர்செய்யவும், தளர்ந்த இறப்பர்ப் புதர்களைப் புதுப்பிக்கவும் செலவிடுவதே முறை. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாது தாழ்ந்த கியரில் இறங்குதல் வேண்டும். இவை யாவும் செம்மையான பின்னரே இணைப்புத் தண்டைப் பற்றி எண்ணலாம்.

தண்டு பொருத்திய கார் வளைவில் உறுதியாக நிற்பதை உணரும் இளைஞனுக்கு, இன்னும் சற்று விரைந்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. பந்தய நாளில் அவன் முன்னே மூடிய வீதி இருக்கிறது. மற்ற நாட்களில், மூடுபனி கவிந்த அடுத்த முடக்குக்கு அப்பால், கொழுந்துக் கூடையோடு நடக்கும் பெண்களும் பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களும் இருக்கிறார்கள். புதிய உறுதியை அவன் வேகத்துக்கு அன்றி, அவர்களுக்கு வழிவிட்டுச் செல்லும் நிதானத்துக்குப் பயன்படுத்துவானாயின், அத்தண்டுக்குக் கொடுத்த பணம் வீணாகாது.