கற்பனை அணியும் கையிலுள்ள காசும்

கண்டி மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கிரிக்கெட் பேசப்படாத தேநீர்க்கடை இல்லை எனலாம். எண்ணூறு டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரன் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர். குமார் சங்கக்கார திரித்துவக் கல்லூரியின் மாணவர். பல்லேகல சர்வதேச மைதானம் நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளது. எனவே அக்குறணையிலும் மடவளையிலும் பேராதனையிலும் இளைஞர் நால்வர் கூடினால் முதல்நாள் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எழுவதில் வியப்பில்லை.

ஆனால் அண்மைக் காலமாக அந்தப் பேச்சின் போக்கில் ஒரு மாற்றத்தை நாம் காண்கின்றோம். “நேற்று யார் வென்றார்கள்?” என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, “நேற்று உனது அணி எத்தனையாவது இடம்?” என்ற கேள்வி முன்னே வந்துள்ளது. இங்கு அணி எனப்படுவது கண்டி அணியோ இலங்கை அணியோ அன்று. கைத்தொலைபேசியில் அவரவர் தாமே தெரிவுசெய்துகொண்ட கற்பனை அணியாகும். ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு பெறுபேறும் புள்ளிப்பட்டியலில் ஓர் இடமும் உண்டு. இந்தப் பட்டியல் எவ்வாறு தயாராகின்றது, அதில் பணம் கலக்கும்போது என்ன நேர்கின்றது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் அவசியம்.

இவ்விளையாட்டு இன்றைய வடிவில் புகழ்பெற்றது கிரிக்கெட்டில் அல்ல, அமெரிக்காவின் பேஸ்போலில்தான். நமது எல்லே விளையாட்டை அறிந்தவர்களுக்குப் பேஸ்போலைப் புரிந்துகொள்வது கடினமன்று. அதிலும் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி ஓட்டம் பெறவேண்டும். 1980ஆம் ஆண்டு நியூயோர்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவரது நண்பர்களும் ஒரு புதிய முறையை வகுத்தனர். தாம் கூடும் ‘லா ரொட்டிசெரி ஃபிரான்செய்ஸ்’ என்ற உணவகத்தின் பெயராலேயே அதற்கு ‘ரொட்டிசெரி லீக்’ என்று பெயரிட்டனர். உண்மையான அணிகளில் ஆடும் வீரர்களை அவர்கள் ஏலத்தில் எடுத்துத் தத்தமது அணிகளை அமைத்துக்கொண்டார்கள். பத்திரிகைகளில் வெளியாகும் ஆட்ட விபரங்களிலிருந்து அவ்வீரர்களின் பெறுபேறுகளைத் திரட்டிப் பட்டியலிட்டார்கள்.

கணக்கு முறை எளிதானது. பத்து அணிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அடித்த ஓட்டங்கள், திருடிய தளங்கள், பந்துவீச்சாளரின் வெற்றிகள் என எட்டு அம்சங்கள் கணிக்கப்படும். ஒவ்வொரு அம்சத்திலும் முதலிடம் பெறும் அணிக்குப் பத்துப் புள்ளிகள், இறுதி இடத்திற்கு ஒரு புள்ளி. எட்டிலும் முதலிடம் பெற்றால் எண்பது புள்ளிகள். இப்பட்டியல் நாள்தோறும் மாறும். ஆயினும் வெற்றியாளர் பருவத்தின் முடிவிலேயே தீர்மானிக்கப்படுவார். பேஸ்போல் பருவமொன்றில் ஒவ்வோர் உண்மை அணியும் 162 போட்டிகளில் ஆடுகின்றது. ஒரு வீரருக்கு ஒருநாள் காய்ச்சல் வரலாம், மற்றொருநாள் மழை பெய்யலாம். ஆறு மாத காலத்தில் இவையெல்லாம் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். இறுதியில் பட்டியலின் உச்சியில் நிற்பவர் ஆட்டத்தை நன்கு அறிந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். அந்த நண்பர்களும் சிறுதொகைப் பணம் வைத்தே ஆடினார்கள் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் அது ஒருவரையொருவர் அறிந்த சிலர் ஆண்டுக்கு ஒருமுறை வைத்த பந்தயமே.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் இறுதியில் இம்முறை தலைகீழாக மாறியது. பருவம் முழுவதற்கும் ஓர் அணி என்பது மாறி, ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடியும் போட்டிகளை நடத்தும் நிறுவனங்கள் தோன்றின. அமெரிக்காவில் 2009இல் ஃபேன்டூயல், 2012இல் டிராஃப்ட்கிங்ஸ் ஆகியன இத்துறையில் இறங்கின. இந்தியாவில் 2008இல் தொடங்கப்பட்ட டிரீம்11 கிரிக்கெட்டுக்கு அதே வடிவத்தைப் பெரும் அளவில் கொண்டுவந்தது. அதன் அலை நம் நாட்டையும் எட்டியது. 2020ஆம் ஆண்டு கண்டி டஸ்கர்ஸ் உட்பட ஐந்து அணிகளுடன் தொடங்கிய முதலாவது லங்கா பிரீமியர் லீக் சுற்றுப்போட்டிக்குப் பெயர் கொடுத்த அனுசரணையாளர் மை11சர்க்கிள் என்ற இந்தியக் கற்பனை அணி நிறுவனமே என்பது குறிப்பிடத்தக்கது.

கிரிக்கெட்டில் பரவலாக வழங்கிய முறை இதுதான். ஆட்டத்தில் பங்கேற்கும் இரு அணிகளிலிருந்தும் பதினொருவரைத் தெரிவுசெய்ய வேண்டும். ஓர் ஓட்டத்திற்கு 1 புள்ளி, ஒரு விக்கெட்டுக்கு 25, ஒரு பிடிக்கு 8 என்றவாறு புள்ளிகள் சேரும். தலைவராகக் குறித்த வீரரின் புள்ளிகள் இரண்டு மடங்காகவும், உதவித் தலைவரின் புள்ளிகள் ஒன்றரை மடங்காகவும் கணிக்கப்படும். இறுதியில் பங்கேற்ற அனைவரும் வரிசைப்படுத்தப்படுவர்.

இம்முறையில் அறிவுக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உள்ள பங்கை விளங்கிக்கொள்ள, நம் ஊரில் நடந்த ஓர் ஆட்டமே போதுமானது. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி பல்லேகலயில் ஆசியக் கிண்ணத்துக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. மூன்று நாட்களுக்கு முன்னர் நேபாளத்துக்கு எதிராக 151 ஓட்டங்களைக் குவித்திருந்தவர் பாகிஸ்தான் அணித் தலைவர் பாபர் அசாம். கிரிக்கெட் அறிந்த ஒருவர் அவரைத் தமது கற்பனை அணியின் தலைவராக நியமித்திருந்தால் அதில் தவறு காணமுடியாது. இந்தியா 266 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. பின்னர் பெய்த மழையால் பாகிஸ்தான் துடுப்பெடுத்தாடவே இல்லை. போட்டி முடிவின்றிக் கைவிடப்பட்டது.

மேற்சொன்ன முறைப்படி கணக்கிட்டுப் பார்ப்போம். நான்கு விக்கெட்டுகளை வீழ்த்திய ஷஹீன் ஷா அப்ரிடியைத் தலைவராகக் குறித்தவருக்கு விக்கெட்டுகளால் மட்டும் 200 புள்ளிகள். 87 ஓட்டங்கள் பெற்ற ஹர்திக் பாண்டியாவைக் குறித்தவருக்கு ஓட்டங்களால் 174. பாபர் அசாமைக் குறித்தவருக்குத் துடுப்பாட்டத்தால் ஒரு புள்ளியேனும் இல்லை. அவருடைய கணிப்பைத் தோற்கடித்தது இன்னொருவரின் அறிவன்று, கண்டி மலைகளில் பெய்த மழையே!

மறுபுறமும் உண்டு. அதே ஆண்டு லங்கா பிரீமியர் லீக்கில் கண்டி அணிக்காக ஆடிய வனிந்து ஹசரங்க 279 ஓட்டங்களும் 19 விக்கெட்டுகளும் பெற்று, இரு பட்டியல்களிலும் முதலிடம் வகித்தார். தொடர் முழுவதும் அவரை நம்பியிருந்தவரின் அறிவு வீண்போயிராது. எனவே இதில் திறமையே இல்லை என்று நாம் கூறவில்லை. திறமை வெளிப்படக் காலம் வேண்டும் என்றே கூறுகின்றோம். 2022இல் கண்டி ஃபல்கன்ஸ் லீக் சுற்றின் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்றும் இறுதிப்போட்டியை எட்டவில்லை. 2023இல் முதலிரு இடங்களைப் பெறாத கண்டி அணி கிண்ணத்தையே வென்றது. பல ஆட்டங்களின் கணக்கு ஒன்றைச் சொல்லும், ஒரு நாளின் முடிவு வேறொன்றைச் சொல்லும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். நூறு பேர் தலா நூறு ரூபா செலுத்தி ஒரு நாள் போட்டியில் சேர்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த தொகை 10,000 ரூபா. நடத்துபவர் நூற்றுக்குப் பதினைந்து வீதம் எடுத்துக்கொண்டால் பரிசாகத் திரும்புவது 8,500 ரூபா. அன்று சிலர் மகிழ்வர், பலர் இழப்பர். அதே நூறு பேரும் முப்பது நாட்கள் தொடர்ந்து ஆடினால் அவர்களிடமிருந்து மொத்தமாக 45,000 ரூபா வெளியேறியிருக்கும். யார் வென்றாலும், யார் தோற்றாலும் அந்தக் குழுவின் பொதுக் கணக்கு நாளுக்கு நாள் குறைந்தே செல்லும். நடத்துபவர் மட்டுமே ஒருநாளும் தோற்பதில்லை. ஆனால் கைத்தொலைபேசியில் நாள்தோறும் தோன்றும் பட்டியலில் அவருடைய பெயர் இடம்பெறுவதே இல்லை.

‘இது சூதாட்டம் அன்று, திறமை விளையாட்டு’ என்பதே இந்நிறுவனங்களின் வாதமாக இருந்து வந்துள்ளது. அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுத்தபோது, சில நிபந்தனைகளுடன் கற்பனை அணி விளையாட்டுகளுக்கு விலக்களித்தது. ஒருநாள் போட்டிகளை நடத்திய நிறுவனங்கள் அதற்குப் பின்னரே தோன்றி, அந்த விலக்கின் கீழ் தஞ்சம் புகுந்தன. இந்தியாவில் 2017இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் டிரீம்11 திறமை சார்ந்த விளையாட்டே என்று தீர்ப்பளித்தது.

இவ்வாதத்தை ஏற்றுக்கொண்டாலும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்போல் பருவத்தின் முதற்பாதியில் ஒருநாள் கற்பனைப் போட்டிகளை ஆராய்ந்தோர், பங்கேற்பாளர்கள் ஈட்டிய இலாபத்தில் 91 சதவீதத்தை வெறும் 1.3 சதவீதத்தினரே பெற்றனர் என்று கண்டறிந்தனர். கணினி உதவியுடன் ஏராளமான அணிகளைக் களமிறக்கும் தேர்ந்தவர்களுக்கு, ஓய்வுநேரத்தில் ஓர் அணியை அமைக்கும் சாதாரண இளைஞன் எவ்வாறு ஈடுகொடுப்பான்? ஆகவே இது அதிர்ஷ்ட விளையாட்டாயின் சூதாட்டமாகின்றது. திறமை விளையாட்டாயின் புதியவன் தேர்ந்தவனுக்கு இரையாகின்றான். இரண்டில் எதுவாயினும் நம் பிள்ளையின் பணம் திரும்புவதில்லை.

இந்தியா இவ்விவாதத்தையே ஒருபுறம் ஒதுக்கிவிட்டது. 2025 ஆகஸ்ட் மாதம் அங்கு நிறைவேற்றப்பட்ட சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. டிரீம்11 தனது கட்டணப் போட்டிகளை நிறுத்தியதுடன், இந்திய அணியின் சீருடை அனுசரணையிலிருந்தும் விலகியது. இலங்கையிலும் 2025ஆம் ஆண்டு சூதாட்ட ஒழுங்குறுத்துகை அதிகாரசபையொன்றை நிறுவுவதற்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆயினும் எந்தச் சட்டமும் ஒரு தெருமுனையில் நண்பர்கள் தமக்குள் காசு சேர்த்துப் பட்டியலிடுவதை எளிதில் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதனைக் கண்காணிக்கவேண்டியது குடும்பமே.

பணம் மைதானத்தை நோக்கி நகரும்போது ஆட்டமும் கெடுகின்றது. 2024 மார்ச்சில் பல்லேகலயில் நடைபெற்ற முன்னாள் வீரர்களின் சுற்றுப்போட்டியில், ஆட்டநிர்ணயத்துக்காக வீரர்களை அணுகியதாக இந்தியர் இருவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் அங்கு லங்கா டி10 போட்டிகள் நடைபெற்றவேளை, அணி உரிமையாளர் ஒருவர் இதேவிதமான சந்தேகத்தின்பேரில் கைதானார். 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி இத்தகைய குற்றத்துக்குப் பத்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். கற்பனை அணி ஆடுவோர் யாவரும் இக்குற்றத்தில் பங்காளிகள் என்று கூறுவது அநீதி. எனினும் ஓர் ஆட்டத்தின் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் பணமதிப்பு உண்டாகிவிட்டால், அதனை விலைக்கு வாங்க நினைப்போரும் உருவாகவே செய்வர்.

சூதினால் விளையும் கேட்டை நம் சமூகங்களுக்குப் புதிதாக எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வள்ளுவர் ‘சூது’ என்று ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். திருக்குர்ஆன் மதுவையும் சூதையும் ஒரே இடத்தில் வைத்து விலக்கியுள்ளது. பெயர் ‘லீக்’ என்றும் ‘கொன்டெஸ்ட்’ என்றும் மாறியதால் அதன் இயல்பு மாறிவிடாது.

எனவே பிள்ளைகளிடமிருந்து கைத்தொலைபேசியைப் பறிப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. வீரர்களின் பெறுபேறுகளை ஆராய்வதும் சராசரி கணிப்பதும் பட்டியல் தயாரிப்பதும் நல்ல பயிற்சிகளே. நண்பர்கள் பத்துப் பேர் காசின்றி, ஒரு சுற்றுப்போட்டி முழுவதற்கும் ஓர் அணி என்று வகுத்து ஆடட்டும். இறுதியில் முதலிடம் பெறுபவருக்கு ஏனையோர் கைதட்டட்டும். பணம் கேட்கும் போட்டியாயின், பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும்: இதுவரை மொத்தமாக எவ்வளவு செலுத்தினாய்? எவ்வளவு திரும்பியது? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இம்மூன்றுக்கும் மறைக்காமல் பதிலளிக்கும் துணிவைப் பிள்ளைக்கு ஊட்டுவதும் பெற்றோரின் பொறுப்பே.

புள்ளிப்பட்டியல் அறிவை அளக்கும் கருவியாக இருக்கும்வரை அது விளையாட்டு. கடனை அளக்கும் கருவியாக அது மாறும் நாளை நம் வீடுகளுக்குள் வரவிடலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.