வாய்க்காலுக்குப் போகாத பிறந்தநாள்

காவிரி டெல்டாவில் ஊரும் வயலும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால், ஒரு வீட்டு விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் வெளியே கொட்டப்படும் குப்பை பெரும்பாலும் ஏதேனும் ஒரு வாய்க்காலின் கரையைத்தான் போய்ச் சேர்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படும். இடைப்பட்ட நாலரை மாதங்களில் வறண்டு கிடக்கும் வாய்க்கால்களில் விழுந்த கப்புகளும் பைகளும், குறுவைக்குத் தண்ணீர் வரும்போது அதனோடு புறப்பட்டு, மதகுகளை அடைத்து, எஞ்சியவை கடைமடை வயல்வரை செல்கின்றன. சுற்றுச்சூழலுக்கு இசைவான பிறந்தநாள் என்ற பேச்சு, நகரங்களில் ரசனை சார்ந்ததாக இருக்கக்கூடும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அது பாசனம் சார்ந்ததாகவும் ஆகிவிடுகிறது.

இப்பகுதியில் பிறந்தநாள் இரண்டு விதமாகக் கொண்டாடப்படுகிறது. குழந்தைகளுக்கு, ஜென்ம நட்சத்திரத்தன்று கோயிலில் அர்ச்சனை செய்து வீட்டில் பாயசம் வைக்கும் பழைய வழக்கத்தோடு, கேக், பலூன், தெருமுனை ஃப்ளெக்ஸ் பேனர் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. பெரியவர்களுக்கு 60, 70, 80 வயது நிறையும்போது, திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் முறையே மணிவிழா, பீமரத சாந்தி, சதாபிஷேகம் ஆகியவற்றை நடத்தி, அருகிலுள்ள மண்டபங்களில் உறவினர்களுக்கு விருந்து வைப்பது வழக்கம். ஒன்று புதியதாகவும் மற்றொன்று வைதீகமாகவும் தோன்றினாலும், பந்தி முடிந்தபின் மிஞ்சும் குப்பையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சட்டம் எதைத் தடுக்கிறது

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தெர்மாகோல் கப், உறிஞ்சுகுழல், எந்தத் தடிமனில் இருந்தாலும் கைப்பை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அதில் இரண்டு பொருட்கள் இன்றும் பலரை ஏமாற்றுகின்றன. காகிதக் கப் எனப்படுவதன் உட்புறத்தில் சூடான காப்பி கசியாமலிருக்க மெல்லிய பாலித்தீன் பூச்சு இருப்பதால், அது மக்கும் காகிதமாகவும் சேராது, மறுசுழற்சிக்கும் எளிதில் போகாது. தாம்பூலப் பையாகத் தரப்படும் ‘துணிப்பை’களில் பல, நெய்யப்படாத பாலிப்ரொப்பிலீன் இழைகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்தவை, பார்வைக்குத் துணிபோல் இருந்தாலும் அவை பிளாஸ்டிக்கே என்பதால், அவையும் தடைக்குள் வருகின்றன. இவற்றுக்கு மாற்றாகப் பருத்தித் துணிப்பையை மீண்டும் பழக்கத்துக்குக் கொண்டுவரவே, 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தடையைப் பிறந்தநாள் வீட்டின் சாமான் பட்டியலாகவே வாசிக்கலாம்: பலூனைத் தாங்கும் பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் கரண்டி, இனிப்புப் பெட்டியையும் அழைப்பிதழையும் சுற்றும் பளபளப்பு உறை, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் ஆகியவை அதில் அடங்கும். ஆயினும் பலூன், அலுமினியப் பூச்சுள்ள ஃபாயில் பலூன், சிறு தண்ணீர் பாட்டில், தடித்த ஃப்ளெக்ஸ் ஆகியவை இப்பட்டியலுக்கு வெளியே நிற்பதால், சட்டத்தை மீறாமலேயே ஒரு வண்டிக் குப்பையை உண்டாக்கிவிட முடியும். ரப்பர் பாலிலிருந்து செய்யப்படும் சாதாரண பலூன்கூட, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தப்பட்டு நிறமேற்றப்படுவதால், இலைதழைபோல வாரக்கணக்கில் மக்கிவிடுவதில்லை. கேக் வெட்டும்போது பீய்ச்சப்படும் நுரை ஸ்பிரேயில் எளிதில் தீப்பற்றும் வாயுக்கள் உந்துபொருளாக இருப்பதால், எரியும் மெழுகுவர்த்தியின் அருகில் அது குப்பை என்பதைத் தாண்டி ஆபத்தும் ஆகிறது.

இலையோரம் நிற்கும் பாட்டில்

விருந்தைப் பொறுத்தவரை டெல்டாவுக்குப் புதிய பொருள் எதுவும் தேவையில்லை. திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வட்டாரப் படுகை நிலங்களில் வாழை விளைகிறது. நுனி இலையும் ஏடும் கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வருகின்றன. சாப்பிட்டு மடித்த இலையை மாடு தின்னும், எஞ்சியது எருக்குழிக்குப் போகும் என்ற ஏற்பாடு காலங்காலமாக நடந்துவந்தது. அந்த ஏற்பாட்டைக் கெடுப்பது இலையோடு சேர்ந்து மடிக்கப்படும் பொருட்களே. பாயசக் கப், ஐஸ்கிரீம் கரண்டி, ஊறுகாய்ப் பொட்டலம் ஆகியவற்றை உள்ளே வைத்து இலையை மூடிவிடும்போது, எச்சில் இலைக் குவியலில் வாய் வைக்கும் மாடு அவற்றையும் சேர்த்தே விழுங்குகிறது. பாயசத்தை இலையிலேயே ஊற்றுவதும், ஒவ்வொரு இலையோரத்திலும் நிறுத்தப்படும் சிறு பாட்டிலுக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் வைத்துச் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவதும் இக்குறையைப் பெருமளவு நீக்கிவிடும்; தட்டும் டம்ளரும் வாடகைப் பாத்திரக் கடைகளில் எண்ணிக்கைக் கணக்கில் கிடைக்கின்றன.

பாக்குமட்டைத் தட்டு மக்கக்கூடியதே. ஆனால் பாக்கு டெல்டாவின் விளைபொருள் அன்று என்பதால், சேலம், கோவைப் பகுதிகளிலிருந்து லாரியில் வரும் தட்டை, பக்கத்து ஊர் வாழையிலை கிடைக்கும் இடத்தில் வாங்குவதற்குக் காரணம் குறைவு. ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று விற்கப்படுபவற்றிலும் எச்சரிக்கை தேவை: மக்காச்சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமில வகைப் பொருட்கள், ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து நிலவும் உரக்கூடங்களில்தான் உரிய காலத்தில் மக்குகின்றன, வாய்க்கால் சேற்றில் அவை மற்றப் பிளாஸ்டிக்கைப் போலவே நெடுங்காலம் கிடக்கும்.

தெர்மாகோலுக்கு முன்பே நெட்டி

தெர்மாகோலில் வெட்டப்படும் பெயரெழுத்தும் பூவும் வெண்மைக்காகவும் எடையின்மைக்காகவும் விரும்பப்படுகின்றன. இவ்விரு குணங்களும் உள்ள ஒரு தாவரப் பொருள் தஞ்சாவூரில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஏரி, குளங்களின் நீரில் வளரும் நெட்டிச் செடியின் தண்டை அறுத்து, உலர்த்தி, மேல்தோலைக் கத்தியால் சீவினால், தந்தம் போன்ற வெண்மையான, பஞ்சுபோல் எடையற்ற உட்பகுதி வெளிப்படும். அதைத் தகடாகவும் குச்சியாகவும் நறுக்கி ஒட்டியே பெரிய கோயிலின் சிறு வடிவங்களைக் கைவினைஞர்கள் செய்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதாவது, குறிப்பிட்ட ஊரின் தனித்தன்மை கொண்ட பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு அதற்குக் கிடைத்துள்ளது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் ஏறும் நெட்டி மாலையும் இதே தண்டால் ஆனது. வாசலுக்கு மாவிலையும் தென்னங்குருத்தும், குழந்தையின் பெயருக்கு நெட்டி எழுத்தும் போதுமென்றால், கைவினைஞருக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பதோடு, விழா முடிந்தபின் எழுத்தைச் சுவரில் வைத்துக்கொள்ளவும் முடியும்.

குழந்தைகளுக்கான தலையாட்டி பொம்மையையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். அடிப்பாகம் கனமான அரைக்கோளமாக இருப்பதால், எப்படிச் சாய்த்தாலும் பொம்மை நிமிர்ந்துவிடும். காகிதக்கூழோடு பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் வண்ணப்பூச்சும் சேர்வதால் அதை முழுக்க மண்ணுக்குத் திரும்பும் பொருள் என்று சொல்ல முடியாது. பேட்டரி பொம்மையைவிட அது மேலானது என்பதற்குக் காரணம், பழுதாவதற்கு அதில் இயந்திரம் இல்லை என்பதும், ஒரு தலைமுறை கடந்தும் கொலுப்படியில் அதற்கு இடமுண்டு என்பதுமே.

பெருகித் திரும்பும் பரிசு

குப்பையைக் குறைப்பது பாதி வேலை. பரிசு எத்தகையதாக இருக்க வேண்டும் என்பது மறுபாதி. இதற்கு டெல்டாவின் வரலாற்றிலேயே வலுவான முன்மாதிரி உண்டு. முதலாம் இராசராசன் 1010-இல் நிறைவு செய்த தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில், அரசனும் அவனுடைய தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அளித்த கொடைகள் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் அணையா விளக்குக்கான கொடை எண்ணெயாகவோ நெய்யாகவோ தரப்படவில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். மூத்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பி மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்ற கணக்கில், கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றே குறித்தன. ஐப்பசிச் சதயத்தில் கொண்டாடப்படும் அவ்வரசனின் பிறந்தநாள் விழா, இன்று அரசு விழாவாகவே நடைபெறுகிறது.

இதே கணக்கு அண்மைக்காலத்தில் விதைநெல்லில் வெளிப்பட்டது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், பாரம்பரிய ரக விதை 2 கிலோ பெற்ற உழவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. பணம் கைமாறாமல், 174 பாரம்பரிய ரகங்களை மீட்டவர் எனப் பெயர்பெற்ற அவர், 2018 டிசம்பர் 6 அன்று மறைந்தார். உழவர் குடும்பத்துப் பிறந்தநாளுக்கு மாப்பிள்ளைச் சம்பாவோ பூங்காரோ ஒரு துணிப்பை விதை தருவதும், உழவரல்லாத வீட்டுக்குத் தூயமல்லி, சீரகச் சம்பா அரிசியாகத் தருவதும், டெல்டாவுக்கே உரிய பரிசாக அமையும்.

மரக்கன்று தருவோர் இடத்தைப் பார்த்துத் தர வேண்டும். நெல் வயலின் வரப்பில் படர்ந்து வளரும் மரத்தின் நிழல் விளைச்சலைக் குறைக்கும் என்பதால், வேம்பும் புங்கனும் பூவரசும் கொல்லைக்கும் குளக்கரைக்கும் ஏற்றவை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது, பனைகள் பெரும்பாலும் நிலைத்து நின்றன. பனைக்கு மற்றொரு வசதியும் உண்டு: முளை மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் இயல்புடையது என்பதால், விதையை நேரடியாகக் குழியில் ஊன்றுவதே முறை, கருப்பு பாலித்தீன் பை அதற்குத் தேவையில்லை. விருந்தினர் தலைக்கு ஒரு பனங்கொட்டை என்று வாய்க்கால் கரையில் ஊன்றுவது செலவற்ற கொண்டாட்டம். ஆனால் பலன் தரப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும் மரம் என்பதால், ஊன்றியதை ஆடு மாடு மேயாமல் காப்பவர் யார் என்பதும் அன்றே முடிவாக வேண்டும்.

எதையும் தேர்ந்தெடுக்க இயலாதோருக்கு மொய் இருக்கிறது. உறைக்குள் வைத்த பணம் நோட்டில் பெயரோடு எழுதப்பட்டு, எழுதியவர் வீட்டு விசேஷத்தில் திரும்பிச் செல்லும். பொட்டலமும் பளபளப்புத் தாளும் இல்லாத பரிசு அது. பெயரும் தேதியும் புள்ளி எழுத்தில் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம், பயன்பாட்டில் தேயாத மற்றொரு பழைய பரிசு.

முன்பணம் கொடுக்கும் நாள்

விருந்தினர் ஒவ்வொருவரும் தாமாகத் திருந்துவார்கள் என்று எதிர்பார்ப்பதைவிட, விழாவின் பொருட்களை உண்மையில் முடிவு செய்பவர்களிடம் பேசுவது பயனளிக்கும். டெல்டாவின் விசேஷங்களில் அம்முடிவு சமையல் மேஸ்திரி, மண்டப மேலாளர், பந்தல் அலங்காரக்காரர் ஆகிய மூவரின் கையில் இருக்கிறது. கப்பும் பாட்டிலும் மேசை விரிப்பும் அவர்கள் எழுதித் தரும் சாமான் பட்டியலில் வழக்கத்தால் இடம்பெறுகின்றனவே தவிர, வீட்டார் கேட்டு வருவதில்லை. முன்பணம் கொடுக்கும் நாளில் அப்பட்டியலை வரிவரியாகப் படித்து, தேவையற்ற நான்கைந்து வரிகளை அடித்துவிட்டு, அவற்றின் இடத்தில் எவர்சில்வர் டம்ளரையும் குடிநீர்க் கேனையும் பருத்திப் பையையும் எழுதச் சொன்னால் போதும். விழாவன்று யாருக்கும் அறிவுரை சொல்லும் அவசியம் வராது.