நாற்றம் நின்றுபோனால் ஆபத்து

மழைக்காலத்தில் தில்லி கரோல் பாக் சந்துகளில் சாக்கடை பொங்கினால் தமிழ் வீட்டுப் பாட்டி 'கப்படிக்குது' என்பார், பேரன் 'ஸ்டிங்கி' என்பான், எதிர்க்கடைக்காரர் 'பத்பூ' என்பார். மூவரையும் மூக்கைப் பொத்த வைப்பது பெரும்பாலும் ஒரே வாயு: ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்ஸிஜன் இல்லாமல் தேங்கிய கழிவில் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. அழுகிய முட்டை வாடை. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு பிடித்துவிடும்.

அளவு கூடினால் அதே மூக்கு கைவிட்டுவிடும் என்பதுதான் கொடுமை. சுமார் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் முகர்வு நரம்பு மரத்துப்போகிறது. சாக்கடைக் குழிக்குள் இறங்கியவருக்கு வாடை குறைந்துவிட்டதாகத் தோன்றும்; விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். 500ஐத் தாண்டினால் மயக்கம், 1000 என்றால் ஓரிரு மூச்சில் முடிந்துவிடும். காற்றைவிடக் கனமானதால் குழியின் அடியில்தான் தங்கும். கூடவே இருக்கும் மீத்தேனுக்கோ வாசமே கிடையாது. முதலில் விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். 2017 ஜூலையில் தில்லி கிட்டோர்னியில் நால்வர் இறந்தனர். 2018 செப்டம்பரில் தில்லி மோதி நகரில், ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் ஐவர்.

இவற்றை விபத்து என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது; முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. குறுகிய சந்துக்குள் நுழையும் 200 அடைப்பு நீக்கும் வண்டிகளைத் தில்லி அரசு 2019இலேயே இறக்கியது. சட்டமும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. ஆனாலும் அவசரத்துக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து ஒருவரைக் கூப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் ஒழியவில்லை. கூப்பிடுகிற நாமும் அந்தச் சாவுக்குப் பொறுப்பு.

சாக்கடை அடைத்தால் தில்லியில் குடிநீர் வாரியத்தின் 1916, மற்ற ஊர்களில் 14420. வண்டி வரத் தாமதமானாலும் காத்திருங்கள். எவரையும் உள்ளே இறக்காதீர்கள்.