நத்தைகுத்தி நாரையின் அலகு

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பார்க்காமல் போக முடியாது. சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த நிலம் அது. அங்கே அழுக்கு வெள்ளை உடலும் கறுத்த இறக்கையுமாக, தண்ணீருக்குள் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருப்பது நத்தைகுத்தி நாரை. வாயை இறுக மூடினாலும் அதன் அலகின் நடுவே வெளிச்சம் தெரியும். நுனிகள் மட்டுமே ஒட்டும்.

அந்த இடைவெளிதான் ஐரோப்பியர் கண்ணில் முதலில் பட்டது. புதுச்சேரியில் கிடைத்த ஒரு பறவையை வைத்து 1780இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பஃபோன் இதை விவரித்தார். பிரெஞ்சுப் பெயர் 'பெக் ஊவேர்', அதாவது திறந்த அலகு. 1783இல் ஹாலந்து நாட்டு போடர்ட் சூட்டிய லத்தீன் பெயர் 'ஆஸிட்டன்ஸ்': கொட்டாவி விடுவது! ஆங்கிலத்தின் 'ஓப்பன்பில்' என்ற கூட்டுச்சொல்லும் இதே வழியில் வந்ததுதான்.

பெயரே இடைவெளியைச் சுட்டுவதால், அது எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. பாக்குவெட்டியில் பாக்கை வைப்பதுபோல நத்தையை அதில் வைத்து நொறுக்குகிறது என்பது ஒரு விளக்கம். ஜூலியன் ஹக்ஸ்லி போன்ற பெரிய உயிரியலாளரே 1960இல் இந்தப் பக்கம்தான் சாய்ந்தார். ஆனால் பறவை தின்றுவிட்டுப் போட்ட ஓடுகளைப் பொறுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் உடையாமல் முழுசாக இருக்கும்.

நடப்பது வேறு. மேல் அலகால் நத்தையைத் தரையோடு அழுத்திக்கொள்கிறது. கத்திபோல் ஒடுங்கி, பெரும்பாலும் வலப்புறம் சற்றே வளைந்திருக்கும் கீழ் அலகின் நுனியை, ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்குப் பின்னால் செருகுகிறது. சதையை ஓட்டோடு பிணைக்கும் தசை அறுந்ததும் உடல் முழுசாக வெளியே வந்துவிடும். இதெல்லாம் பெரும்பாலும் தண்ணீருக்கடியில் நடப்பதால் கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வளர்ப்புப் பறவை நத்தையைக் கண்டுபிடித்துவிடும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பறவையியலாளர் ஜெர்டன் எழுதியிருக்கிறார். ஆக, 'குத்தி' என்று பெயர் வைத்தவர்கள் ஹக்ஸ்லியைவிட உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இடைவெளிக்கும் வேலை உண்டு. நடுவில் வளைந்திருப்பதால் நுனிகளால் கூடுதல் விசையோடு பிடிக்க முடிகிறது என்கிறார்கள். மேல் அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பல் போன்ற சொரசொரப்பு, வழுக்கும் ஓட்டைப் பிடிக்க உதவக்கூடும்.

குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி கிடையாது; வளர வளரத்தான் அலகு விலகும். வேடந்தாங்கலில் கூடுகட்டும் பருவம் முடியும்போது, பெரிய நாரைகளுக்கிடையே அலகு மூடிய ஒன்று நின்றால் வேறு இனம் என்று குறித்துக்கொள்ள வேண்டாம்.