சைக்கிளில் வேலைக்குப் போகிறீர்களா? வழியைக் கம்ப்யூட்டரில் பாருங்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஆசை இருந்தும் பயந்து போகாதவர்களும் உண்டு. பயம் நியாயமானதுதான். கும்மிடிப்பூண்டி வழியாகச் செல்வது சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை (எண் 16, முன்பு 5). 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரே விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து விளக்கில்லாத சைக்கிளில் திரும்பினால், டிரைவர் உங்களைப் பார்த்து பிரேக் போட நேரம் இருக்காது.

எனவே நெடுஞ்சாலையில் போகும் தூரத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும். இதற்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே உதவும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய இலவச உலக வரைபடம். இதைப் பயன்படுத்துவது மிக எளிது.

1. பிரவுசரைத் திறந்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. தேடும் கட்டத்தின் அருகில் உள்ள அம்புக்குறி ஐகானை கிளிக் செய்யுங்கள். இரண்டு கட்டங்கள் கிடைக்கும். மேலே புறப்படும் இடத்தையும், கீழே சேரும் இடத்தையும் தாருங்கள்.

3. கார், சைக்கிள், நடை ஆகியவற்றில் சைக்கிளைத் தேர்ந்தெடுங்கள். வழி, தூரம், நேரம் மூன்றும் திரையில் தெரியும்.

4. மவுஸ் வீலை உருட்டிப் படத்தைப் பெரிதாக்குங்கள். வழி நெடுஞ்சாலையில் எங்கே சேர்கிறது, எங்கே அதைக் கடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஊர்ச் சாலை இருந்தால், அந்த ஊரைச் சேரும் இடமாகக் கொடுத்து, பயணத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள்.

இரண்டு கி.மீ. சுற்று கூடினாலும், மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் எட்டு நிமிடம்தான் அதிகம். உயிருக்கு அது பெரிய விலை அல்ல.

லாரி நெரிசல், எரியாத தெருவிளக்கு, மழைநீர் தேங்கும் பள்ளம், தெருநாய் இவையெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகவே விடுமுறை நாளில், பகலில் ஒருமுறை அந்த வழியில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இரவில் போவதானால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ரிஃப்ளெக்டர், தலையில் ஹெல்மெட் அவசியம். இடப்பக்கம் திரும்பும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே நுழையாதீர்கள். அங்கே நீங்கள் இருப்பது டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் ஊர்ச் சாலை வரைபடத்தில் இல்லையா? இலவசமாகப் பதிவு செய்து, எடிட் பட்டனை கிளிக் செய்து நீங்களே சேர்க்கலாம். நேரில் பார்த்து அறிந்ததை மட்டும் சேர்க்கவும். கூகுள் மேப்ஸைப் பார்த்துக் காப்பி செய்யக் கூடாது. அதற்குக் காப்புரிமை உண்டு. நீங்கள் சேர்க்கும் ஒரு சிறு சாலை, நாளை புதிதாக வேலைக்கு வரும் ஒருவரை நெடுஞ்சாலைக்குப் போகாமல் காப்பாற்றலாம்.