உறிஞ்சு குழாயும் ஏரித் தூம்பும்

தமிழ் பயில்வார் நீச்சற்குளத்தின் குழாய்களைப் பற்றி எழுதப் புகுவது தம் எல்லை கடந்த செயலென்று அன்பர் சிலர் நகைத்தல் கூடும். எம்மை இப்பொருளிடத்து ஈர்த்தது ஒரு சொல்லே. கிணற்றுப் பம்பு நீரை உறிஞ்சுகின்றது என்று யாவரும் கூறுகின்றோம். குழந்தை இளநீரைக் குழல்கொண்டு பருகுவதற்கும் அச்சொல்லே வழங்குகின்றது. வழக்கிற்கு இனிய சொல்தான். எனினும் பொருளை ஆராயுங்கால் பெரிதும் மயக்கந் தருவது. ஏனெனில், நீர் குழாயினுள் இழுக்கப்படுவதில்லை, தள்ளப்படுகின்றது. இவ்வொன்றை உணர்ந்தவிடத்து நீச்சற்குளத்தின் மேல்வாய், அடிவாய், வால்வு, பம்பு ஆகியவற்றின் செயலும் பிழையும் தாமே விளங்கும். இதனை உணராதவிடத்து உயிர்கள் மாண்டதும் உண்டு.

திருவண்ணாமலையில் வாழ்வார்க்கு நீர்நிலை புதிதன்று. திருக்கோயிலினுள்ளே சிவகங்கைத் தீர்த்தமும் பிரம தீர்த்தமும் உள. ஊரினுள்ளே அய்யங்குளம் உளது. மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் வழியிற் சிறியவும் பெரியவுமாய்க் குளங்கள் பல. நகரைக் கடந்து எத்திசையிற் சென்றாலும் ஏரிக்கரை ஒன்று எதிர்ப்படும். நீரைத் தேக்குதல் ஒரு தொழில். தேங்கிய நீரை வேண்டிய மட்டத்தினின்று வேண்டிய அளவே வெளியேற்றுதல் பிறிதொரு தொழில். பின்னதே அரிது. அதன்கண் நம் முன்னோர் கைதேர்ந்தவராயிருந்தனர்.

ஏரிக்கு வாய்கள் இரண்டு. ஒன்று கலிங்கு. ஏரி நிறைந்து நீர் தன் எல்லையைக் கடக்குமாயின், கரை உடையாதபடி மிகுநீர் இதன்மேல் வழிந்தோடும். மேற்பரப்பிலுள்ள நீரே இவ்வழிச் செல்லுமாதலின், மிதக்கும் சருகும் நுரையும் உடன் செல்லும். மற்றொன்று தூம்பு. இது தரைமட்டத்து வாய்; பாசனத்திற்கு நீர் தருவது இதுவே. பல்லவர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலும் தூம்பு என்னுஞ் சொல் பயின்று வருகின்றது. தூம்பு அமைத்துக் கொடுத்தாரின் பெயரை அதன் கற்றூணிலேயே பொறித்த இடங்களும் உள.

குமிழித்தூம்பின் அமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. ஏரியின் உட்புறத்தே, கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்களை நிறுத்தி, அவற்றிடையே குறுக்குக் கற்கள் வைத்திருப்பர். அக்கற்களின் துளைவழியே நீண்ட கோலொன்று கீழிறங்கும். அதன் நுனியிலுள்ள அடைப்பு, அடியிற் புதைந்த கற்றொட்டியின் வாயிற் பொருந்தி நிற்கும். கோலை உயர்த்தினால் நீர் தொட்டியினுட் புகுந்து, கரைக்கடியிற் செல்லுஞ் சுருங்கை வழியே வயலை அடையும். மேலுள்ள துளையை நீரோடி என்றும், தரையை ஒட்டியுள்ள துளையைச் சேறோடி என்றும் வழங்குவர். தெளிந்த நீரோடு வண்டலும் சிறிது வெளியேறுதலால் ஏரியின் அடி தூர்வது குறையும், வயலுக்கும் எருவாகும். ஒரே கோலினால் மேல்நீரையும் அடிநீரையும் ஆண்ட இவ்வமைப்பைக் கண்டபின், வால்வு என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுப்பொருள் என்று கூற எமக்கு மனம் வரவில்லை.

நிற்க. இந்நகரின் விடுதிகள் சிலவற்றில் இக்காலத்து அமைந்துள்ள நீச்சற்குளங்களைக் காண்போம். ஏரிநீர் வரும், போகும். நீச்சற்குளத்து நீரோ போவதில்லை. அதே நீர் வெளிவந்து, வடிகட்டப்பெற்று, மருந்திடப்பெற்று, மீண்டும் அக்குளத்திற்கே செல்லவேண்டும். ஆகவே இங்கும் வாய்கள் இரண்டு வேண்டியிருக்கின்றன. கலிங்கின் இடத்தில் நிற்பது ஸ்கிம்மர். தூம்பின் இடத்தில் நிற்பது குளத்தின் ஆழமான பகுதியிலுள்ள அடிவாய்.

ஸ்கிம்மர் என்பது பாலின்மேற் படிந்த ஆடையை எடுத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிற் பிறந்தது. பொருத்தமான பெயரே. குளத்தின் பக்கச்சுவரில், நீர்மட்டத்தை ஒட்டி, சிறு சாளரம் போன்றதொரு வாய் இருக்கும். அதன் முகப்பில் மிதக்குங் கதவொன்று அடிப்பக்கத்தே கீல்கொண்டு ஆடிக்கொண்டிருக்கும். பம்பு ஓடுங்கால் நீர் அக்கதவைச் சாய்த்து, அதன் விளிம்பின்மேல் மெல்லிய ஏடுபோல் வழிந்து உட்செல்லும். குளிப்பாரின் உடலெண்ணெய், மயிர், பூச்சி, சருகு ஆகிய பெரும்பாலான அழுக்கு முதலில் மேற்பரப்பிலேயே நிற்பதனால், இம்மெல்லிய ஏட்டை எடுத்தலே அடியில் மிகுதியான நீரை எடுத்தலினும் பயன் தரும். பம்பு நின்றவுடன் கதவு நிமிர்ந்து, உட்புகுந்த சருகு மீண்டும் குளத்திற்கு வாராமற் காக்கும். உள்ளே ஒரு கூடை. அதனை நாள்தோறும் வெறுமையாக்குதல் வேண்டும். குளத்து நீர் இவ்வாயின் நடுவளவேனும் நிற்றல் வேண்டும். அதனிற் குறைந்தால் நீருக்குப் பதிலாகக் காற்றே குழாயினுட் செல்லும்.

ஸ்கிம்மரினின்று ஒரு குழாயும் அடிவாயினின்று ஒரு குழாயும் பம்பறைக்கு வரும். ஒவ்வொன்றிற்கும் ஒரு வால்வு. எவ்வாயினின்று எவ்வளவு நீர் எடுப்பதென்று இவ்வால்வுகளைத் திருகுவோனே முடிவு செய்கின்றான். ஏரிக்கு நீர்க்கட்டி எவ்வாறோ குளத்திற்கு இவன் அவ்வாறு. இரு குழாயும் கூடிப் பம்பின் முன்னுள்ள கண்ணாடி மூடியிட்ட கூடையிற் சேரும். பம்பு அந்நீரை மணல் வடிகட்டிக்குத் தள்ளும். அங்கிருந்து சுவரிலுள்ள சிறு வாய்கள் வழியாக அது குளத்தை மீண்டும் அடையும். பம்பிற்கு முன்னுள்ளது உறிஞ்சு பக்கம். பின்னுள்ளது அழுத்தப் பக்கம். இவ்விரு பக்கத்தின் வேற்றுமையே இக்கட்டுரையின் உயிர்நாடி.

உறிஞ்சு பக்கத்தில் நிகழ்வது யாது? பம்பினுள்ளே சுழலுஞ் சக்கரம் தன்னிடமுள்ள நீரை விளிம்பிற்கு வீசி எறிகின்றது. எறிந்த இடத்தில் அழுத்தங் குறைகின்றது. குளத்தின் பரப்பின்மேல் நிற்குங் காற்றோ தன் முழு எடையுடன் நீரை அழுத்திக்கொண்டிருக்கின்றது. அவ்வழுத்தமே நீரைக் குழாயினுட் புகுத்திப் பம்பிடம் சேர்க்கின்றது. பம்பு செய்வதெல்லாம் வழிவிடுதலே. பண்டை மேனாட்டறிஞர் வெற்றிடத்தை இயற்கை வெறுக்கின்றது. ஆதலின் நீர் மேலெழுகின்றது என்றனர். அங்ஙனமாயின் அவ்வெறுப்பிற்கு ஓர் எல்லை ஏன்? உறிஞ்சு பம்பு ஓரளவிற்குமேல் நீரை உயர்த்தாமையைக் கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிற் குறித்தார். அவருடைய மாணாக்கரான தொரிசெல்லி 1643-இல் நீருக்குப் பதிலாகப் பாதரசத்தைக்கொண்டு ஆராய்ந்து, அது ஏறக்குறைய 30 அங்குலமே நிற்றலைக் கண்டார். பாதரசம் நீரினும் 13.6 மடங்கு கனமுடையது. 30-ஐ 13.6-ஆற் பெருக்கினால் 408 அங்குலம். அஃதாவது 34 அடி. காற்றினால் தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் இவ்வளவே. எத்துணை வலிய பம்பாயினும் இதற்குமேல் உறிஞ்சாது. நம் அண்ணாமலையின் உச்சி 2,600 அடிக்கு மேற்பட்டது. அங்கே காற்றின் எடை குறைவாதலின் 34 அடி ஏறக்குறைய 31 அடியாகக் குறையும். குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால், சமவெளியிலும் 25 அடிக்குமேல் நம்புதற்கில்லை.

இம்மாவட்டத்து உழவர் தொரிசெல்லியின் பெயரைக் கேளாதவராயினும் அவர் கண்ட விதியை நன்கறிவர். ஆழ்ந்த கிணறுகளின் உட்சுவரில் மேடையமைத்து, பம்பையும் எஞ்சினையும் அதன்மேல் இறக்கி வைத்தது இதுபற்றியே. கோடையில் நீர் கீழிறங்க இறங்கப் பம்பையும் கீழிறக்கினர். நீர்மூழ்கிப் பம்பு வந்தபின் இத்துன்பம் ஒழிந்தது. ஏனெனில் அது நீரின் அடியிலேயே நின்று மேனோக்கித் தள்ளுவது. காற்றின் துணையை அது வேண்டுவதில்லை.

இனிப் பம்பின் பிழைகளுக்கு வருவோம். மோட்டார் சுழல்கின்றது, நீர் வரவில்லை. 'காற்றுப் பிடித்துக்கொண்டது' என்பர். சக்கரத்தால் நீரை எறிதல் கூடும். காற்றை எறிதல் இயலாது. காற்று நீரின் எடையில் ஏறக்குறைய 800-இல் ஒரு பங்கே உடையதாதலின், சக்கரத்தின் வீச்சு அதனிடம் செல்லாது. ஆகவே தொடக்கத்திற் பம்பையும் உறிஞ்சு குழாயையும் நீரால் நிரப்புதல் வேண்டும். நிரப்பிய நீர் கிணற்றிற்கே திரும்பி இறங்காதபடி குழாயின் அடியில் நிற்பதே புட்வால்வு. மேனோக்கி மட்டுமே திறக்கும் அச்சிறு கதவில் ஒரு சிறு கல் சிக்கினும் போதும். இரவெல்லாம் நீர் இறங்கிக் காலையிற் குழாய் வெறுமையாயிருக்கும்.

குழாயின் ஓட்டையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். இதனை அறியாது பலர் நாட்கணக்கில் அலைகின்றனர். அழுத்தப் பக்கத்து ஓட்டை நீரைக் கக்கும். கண்ட எவரும் அறிவர். உறிஞ்சு பக்கத்து ஓட்டையோ பம்பு ஓடுங்கால் ஒரு துளியும் கசியாது. வெளியிலுள்ள காற்று மிகுந்த அழுத்தமுடையதாதலின், நீர் வெளிவருவதற்கு மாறாகக் காற்றே உட்புகும். தரை உலர்ந்திருக்கும், பம்பு மட்டும் நலிந்துகொண்டிருக்கும். கண்ணாடி மூடியின்கீழ்க் குமிழிகள் ஓயாது தோன்றினும், குளத்திற்கு நீர் திரும்பும் வாய்களிற் குமிழிகள் வெளிவரினும், முதலிற் குளத்தின் நீர்மட்டத்தைக் காண்க. அது சரியாயின் மூடியின் இரப்பர் வளையத்தையும், பின்னர் வால்வின் தண்டையும் மூட்டுக்களையும் ஆராய்க. ஐயமுள்ள மூட்டின்மேற் சோப்பு நுரையைத் தடவினால், ஓட்டையுள்ள இடத்தில் நுரை உள்ளே மறையும். குமிழியின்றிச் சரளைக்கல் அரைபடுவது போன்ற ஓசை மட்டும் எழுமாயின், கூடை அடைத்திருக்கலாம், அன்றி வால்வு மூடியிருக்கலாம்; பம்பு நீரின்றித் தவிக்கின்றது என்று கொள்க.

இவையெல்லாம் பொருட்சேதமே. உயிர்ச்சேதம் அடிவாயில் உள்ளது. மதகு திறந்திருக்கையில் அதனருகே குளியாதே என்று ஏரிக்கரை ஊர்களிற் சிறுவரை முதியோர் அதட்டுவர். அவ்வதட்டல் நீச்சற்குளத்திற்கும் உரியது. அடிவாய் ஒன்றேயாகி, அதனை ஒரு குழந்தையின் உடல் முற்றும் மூடுமாயின், குழாயினுள் அழுத்தம் வீழும். மேலுள்ள காற்றும் நீரும் அவ்வுடலை வாயின்மேல் அழுத்தும். 8 அங்குல விட்டமுள்ள வாயின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். சதுர அங்குலத்திற்கு 7 இராத்தல் வேற்றுமை உண்டாயினும் மொத்தம் 350 இராத்தல். அஃதாவது 160 கிலோகிராமிற்குச் சற்றே குறைவு. அமெரிக்க நாட்டில் 2002-ஆம் ஆண்டில் கிரேம் பேக்கர் என்னும் 7 வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியொன்றின் அடிவாயில் இவ்வாறு அகப்பட்டாள். ஈன்ற தாயால் மீட்க இயலவில்லை. ஆடவர் இருவர் இழுத்தபோது வாயின் மூடியே உடைந்தது. சிறுமி உயிர் பிழைக்கவில்லை. அவள் பெயரால் 2007-இல் அந்நாட்டிற் சட்டமொன்று இயற்றப்பட்டது. அகப்படாத வகையில் அமைந்த மூடிகளைப் பொதுக்குளங்களில் இடவேண்டும் என்றும், ஒற்றை அடிவாயுள்ள குளத்திற்கு வேறு காவலும் வேண்டும் என்றும் அது விதித்தது.

இரண்டு அடிவாய்களை 3 அடிக்குக் குறையாத இடைவெளியில் அமைத்து ஒரே குழாயில் இணைத்தல் நல்ல முறை. ஒன்றை உடல் மூடினும் மற்றொன்றின் வழியே நீர் வருதலால் அழுத்தம் வீழாது. ஸ்கிம்மரின் வால்வு திறந்திருத்தலும் ஓரளவு காவலே, முழுக்காவல் அன்று. அடியிலுள்ள வண்டலை எடுக்கக் கருதி, குளிப்பார் நீரிலிருக்கையில் ஸ்கிம்மரை முற்றும் மூடி ஒற்றை அடிவாயை முழுதுந் திறப்பவன், பம்பின் வலிமை அனைத்தையும் ஒரு வாயிற் குவிக்கின்றான். மூடி உடைந்தோ கழன்றோ கிடக்குமாயின், அது மாற்றப்படும்வரை எவரையும் குளத்தில் இறங்கவிடலாகாது. நீண்ட கூந்தலும் மூடியின் துளைகளிற் சிக்குமாதலின் அதனை முடிந்துகொண்டே நீரில் இறங்குக.

ஒருவர் அகப்பட்டாற் கைபற்றி இழுக்க முற்படுதல் இயல்பு. ஆயின் முதலிற் செய்யத்தக்கது பம்பை நிறுத்துதல். நின்றபின், உடலுக்கும் வாயின் விளிம்பிற்கும் இடையே விரலைச் செலுத்தி நீர் புகவிட்டாற் பிடி தளரும். ஆதலின் பம்பை நிறுத்தும் விசை, பூட்டிய பம்பறையினுள் இராமல், குளத்தங்கரையில் எவர் கைக்கும் எட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும். அஃது எங்குள்ளதென்பதைக் குளத்தைக் காப்போனேயன்றிக் குளிக்க வருவாரும் அறிந்திருத்தல் வேண்டும்.