மார்ஸேல்ஸுக்குப் போகிறவர்களுக்கு

ஐரோப்பாவுக்குப் போய் வரும் நம்மவர்களில் பெரும்பாலோர், பாரிஸில் நாலு நாள், ஸ்விட்ஸர்லாந்தில் மூன்று நாள், ரோமாபுரியில் இரண்டு நாள் என்று கணக்குப் போட்டுக் கொண்டு புறப்படுகிறார்கள். பிரான்ஸ் தேசத்தின் தென் கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இரண்டாயிரத்து அறுநூறு வருஷமாக வீற்றிருக்கும் மார்ஸேல்ஸ் பட்டணம் அந்தக் கணக்கில் வருவதில்லை. யாராவது அதன் பெயரை எடுத்தாலும், "ஐயோ, அங்கே திருட்டு ஜாஸ்தியாமே!" என்று பக்கத்திலிருப்பவர் தடுத்து விடுகிறார்.

இது ஒரு விசித்திரந்தான். ஒரு காலத்தில் நம் தேசத்தார் பலர் ஐரோப்பிய மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்ததே இந்த மார்ஸேல்ஸில்தான். பம்பாயில் கப்பலேறினவர்கள் ஸூயஸ் கால்வாயைக் கடந்து இங்கே இறங்கி ரயில் மார்க்கமாக வடக்கே போனால், ஜிப்ரால்டரைச் சுற்றிக் கொண்டு கப்பலிலேயே லண்டன் போவதைவிடப் பல நாட்கள் மிச்சமாகும். 1931-ஆம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி, இரண்டாவது வட்டமேஜை மகாநாட்டுக்குப் போகும் வழியில், மகாத்மா காந்தி 'ராஜபுதானா' கப்பலிலிருந்து இறங்கியதும் இங்கேதான். சுங்க அதிகாரி வழக்கம்போல் சாமான்களைப் பற்றி விசாரித்தபோது, ராட்டைகள், சிறையில் உபயோகித்த பாத்திரங்கள், ஒரு டப்பி ஆட்டுப் பால், சில கதர்த் துணிகள் என்று மகாத்மா ஒப்பித்த ஜாபிதா உலகப் பிரசித்தம்.

நம் குடும்பங்கள் இந்தக் காலத்தில் சுமந்து செல்லும் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஜாபிதாதான் ஞாபகத்துக்கு வருகிறது. மார்ஸேல்ஸுக்குப் போகிறவர்களுக்கு முதல் யோசனையும் அதுவே. ஆளுக்கு ஒரு பெட்டி போதும். அதுவும் அவரவரே தூக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஊர் முழுவதும் மேடும் பள்ளமும் படிக்கட்டும் நிறைந்தது. ஸென் ஷார்ல் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே வந்தவுடனே கீழே இறங்குவதற்கு நூற்று நாலு படிகள்! பெட்டியும் பேரக் குழந்தையுமாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல், ஸ்டேஷனுக்கு உள்ளேயே இருக்கும் மெட்ரோ ரயிலில் ஏறி, இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் நேரே பழைய துறைமுகத்துக்கு வந்து விடலாம். சாமானை அறையில் வைத்து விட்டு, சாவகாசமாகப் பிறகு வந்து அந்தப் படிகளைப் பார்க்க வேண்டும். 1920-களில் கட்டிய அந்தப் படிக்கட்டின் அடியில், ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள், ஆசியக் குடியேற்ற நாடுகள் என்று இரண்டு பெண்ணுருவங்களைச் சிலையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். பிறர் நாட்டைப் பிடித்து ஆண்டவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக் கொண்டிருந்தார்கள் என்பதைப் புஸ்தகம் படிக்காமலே அங்கே தெரிந்து கொள்ளலாம்.

போகும் காலம் முக்கியம். மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் உத்தமம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊரை ஞாபகப்படுத்தும். கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் ஆகாயம் நிர்மலமாகத்தான் இருக்கும். ஆனால் 'மிஸ்த்ரால்' என்று ஒரு காற்று உண்டு. ரோன் நதியின் பள்ளத்தாக்கு வழியாக வடக்கேயிருந்து சீறிக் கொண்டு வரும் வறண்ட குளிர்காற்று அது. வசந்த காலத்தில்கூட எதிர்பாராமல் வந்து இரண்டு மூன்று நாள் தங்கி விடும். வெயில் சுள்ளென்று அடிக்கும். காற்று எலும்பைத் துளைக்கும். குடை அங்கே பிரயோஜனமில்லை. காதை மூடும் குல்லாயும் காற்றுப் புகாத மேலங்கியும் அவசியம். புடவை கட்டும் ஸ்திரீகள் துறைமுகக் கரையில் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டுவதைவிட, அன்றைக்கு ஸல்வார் உடுப்பில் போவது சௌகரியம்.

சென்னையிலிருந்து மார்ஸேல்ஸுக்கு நேர் விமானம் கிடையாது. வழியில் ஒரு பெரிய நகரத்தில் மாற வேண்டும். பாரிஸைப் பார்த்து விட்டுப் போகிறவர்களுக்கு அதிவேக ரயிலே மேல். மூன்றே கால் மணி நேரத்துக்குள் கொண்டு வந்து விட்டு விடும். டிக்கெட்டை எவ்வளவு முன்னால் வாங்குகிறோமோ அவ்வளவு மலிவு. 'ஷெங்கன்' விஸாவுக்கு ஆறு மாதம் முன்னதாகவே மனுச் செய்யலாம்; குறைந்த பக்ஷம் பதினைந்து நாளாவது முன்னால் செய்தாக வேண்டும். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் அந்தப் பதினைந்து நாளை நம்பினால் வீட்டிலேயே இருக்க நேரிடும். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸும் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்களுக்கு ஓர் ஆறுதல்: 2025-ஆம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி மார்ஸேல்ஸிலேயே இந்தியத் தூதரகக் கிளை ஒன்று திறக்கப்பட்டது. தொலைக்காமலிருப்பது அதைவிட நல்லது.

இனி, அந்தத் திருட்டு விஷயம். பெரிய துறைமுகம் எதுவுமே ஆசிரமமாக இருந்ததில்லை. நகரத்தின் வட பாகத்தில் போதை மருந்து வியாபாரிகளின் சண்டைகள் நடக்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் யாத்ரீகர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜோலியும் இல்லை. நம்மைத் தேடி வருகிறவன் துப்பாக்கிக்காரன் அல்ல, ஜேப்படிக்காரன். ஸ்டேஷன், மெட்ரோ, கடைத்தெரு, துறைமுகக் கரை ஆகிய நாலு இடங்களில் கைப்பையை மார்போடு அணைத்துக் கொண்டால் முக்கால்வாசிப் பயம் தீர்ந்தது. டெலிபோனை ஹோட்டல் மேஜைமேல் வைத்து விட்டுப் பேச்சில் ஆழ்ந்து விடக் கூடாது. இரவில் ஸ்டேஷனுக்குப் பின்புறமுள்ள சந்துகளில் நடக்க வேண்டாம். தங்குவதற்குப் பழைய துறைமுகத்தின் சுற்றுப்புறமே தக்கது. வாடகை சற்று அதிகமானாலும் வயோதிகர்களுக்கு நடை மிச்சம்.

நம்மவர் விஷயத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கழுத்தில் எட்டுப் பவுனும் கையில் நாலு ஜோடி வளையுமாக மெட்ரோவில் ஏறுவது எந்த ஊரிலும் புத்திசாலித்தனம் அல்ல. வளைகளை வீட்டிலேயே பூட்டி விட்டுப் போகலாம். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் சரட்டில் கோத்துக் கொண்டு, கழுத்து மூடிய ரவிக்கைக்குள் போட்டுக் கொள்ளட்டும். பாட்டிமார் இதற்கு ஆக்ஷேபம் சொல்ல மாட்டார்கள். சரடுதான் அவர்கள் காலத்து வழக்கம்.

சாப்பாடு என்று வரும்போது சைவர்களுக்குச் சற்று ஜாக்கிரதை வேண்டும். ஊரின் புகழ் பெற்ற பண்டம் 'பூயாபேஸ்' என்னும் மீன் குழம்பு. விலை போகாத பாறை மீன்களைச் செம்படவர்கள் கொதிக்க வைத்துக் குடித்த காலம் போய், இப்போது நல்ல இடத்தில் ஆளுக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் பிடுங்கி விடுகிறார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் ஒரு தடவை பார்க்கலாம். சாப்பிடாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. 'பானிஸ்' என்று ஒன்று இருக்கிறது. கடலை மாவைத் தண்ணீரில் கிளறி, ஆற வைத்து, வில்லை வில்லையாக அறுத்து எண்ணெயில் பொரித்து உப்புத் தூவித் தருவார்கள். நம் பஜ்ஜிக்கு ஒன்று விட்ட சகோதரன் என்று சொல்லலாம். மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் கேட்டுக் கொள்வது நலம். கோடையில் 'பிஸ்து' சூப் கிடைக்கும். பீன்ஸும் காய்கறிகளும் போட்டு வேக வைத்து, திருநீற்றுப் பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த இலையைப் பூண்டோடும் ஆலிவ் எண்ணெயோடும் அரைத்துச் சேர்ப்பார்கள். சில வீடுகளில் பன்றி இறைச்சித் துண்டு போடுவதும் உண்டாகையால், இதிலும் விசாரணை தேவை. 'ஸான் வியாந்த், ஸான் ப்வாஸோன்' – இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் – என்னும் நாலு வார்த்தைகளை விமானத்திலேயே உருப் போட்டு விடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீனைக் கொண்டு வந்து வைத்து விட்டு, ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துக் கொண்டிருப்பார்கள்.

ஹோட்டல்களில் பகல் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரையில். மூன்று மணிக்குப் பசித்தால் அனேகமாக ரொட்டிக் கடைதான் கதி. ராத்திரி ஏழரைக்கு முன்னால் அடுப்பு மூட்ட மாட்டார்கள். துறைமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் நோவாய் என்னும் கடைத்தெரு இருக்கிறது. வட ஆப்பிரிக்கர்கள் கொத்துமல்லியும் புதினாவும் பருப்பும் மிளகாயும் குவித்து விற்பதைப் பார்த்தவுடன் நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு உயிர் வந்து விடும். அடுப்பங்கரையுள்ள அறையாக வாடகைக்கு எடுத்துக் கொண்டு, ஒரு வேளையாவது சாதம் வடித்துக் கொள்கிற குடும்பம் செலவையும் வயிற்றையும் ஒருங்கே காப்பாற்றிக் கொள்ளும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஷூர்' என்று சொல்லி விட்டே எதையும் கேட்க வேண்டும். சொல்லாதவனை மரியாதை தெரியாதவனாக நினைக்கிறார்கள். இதில் அவர்கள் கட்சி நியாயமே.

பார்க்க வேண்டியவைகளில் முதலாவது அந்தப் பழைய துறைமுகந்தான். கி.மு. 600-ஆம் வருஷத்தை யொட்டிக் கிரேக்க மாலுமிகள் குடியேறிய இடம். காலையில் கரையிலேயே மீன் சந்தை கூடுகிறது. வடகரையில் வீடுகள் ஒரே மாதிரிப் புதிதாக நிற்பதைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டாம். 1943-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஜெர்மானியப் படையினர், பிரெஞ்சுப் போலீஸின் ஒத்தாசையோடு, இருபதினாயிரம் ஜனங்களுக்கு மேல் வெளியேற்றி விட்டு, அங்கிருந்த சுமார் ஆயிரத்தைந்நூறு கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதற்குத் தப்பிய பழைய தெருக்கள் மேலே 'பானியே' என்னும் மேட்டில் இருக்கின்றன.

பெரிய நீராவிக் கப்பல்கள் இந்தப் பழைய துறைக்குள் வருவதில்லை. அவைகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடக்கே லா ஜோலியெத் முதலான புதிய துறைகளைக் கட்டினார்கள். இன்று கார்ஸிகாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போகும் கப்பல்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1910-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி காலையில், இந்தியாவுக்குக் கைதியாகக் கொண்டு செல்லப்பட்டுக் கொண்டிருந்த விநாயக தாமோதர ஸாவர்க்கர், 'மோரியா' கப்பலின் குளியலறைத் துவாரத்தின் வழியாக உடம்பை நெளித்து வெளியேறிக் கடலில் குதித்து, இந்த ஊர்த் துறைமேடையில் நீந்திக் கரையேறினார். பிரெஞ்சு மண்ணில் கால் வைத்து விட்டால் ஆங்கிலேயர் தொட முடியாது என்பது அவர் எண்ணம். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஆனால் துரத்தி வந்தவர்கள் போட்ட கூச்சலைக் கேட்ட பிரெஞ்சுப் போலீஸ்காரன், சட்டத்தை யோசிக்காமல் ஆளைப் பிடித்துக் கப்பலில் ஒப்படைத்து விட்டான். பிரான்ஸில் கண்டனக் குரல் எழுந்தது. வழக்கு ஹேக் நகரத்து மத்தியஸ்த நீதிமன்றம் வரையில் போயிற்று. பிடித்துக் கொடுத்தது முறையல்லவென்றாலும், கைதியைத் திருப்பித் தர பிரிட்டனுக்குக் கடமையில்லை என்று 1911 பிப்ரவரி 24-ந் தேதி தீர்ப்பாயிற்று! ஸாவர்க்கருடைய பிற்கால அரசியலைப் பற்றி வாசகர்களுக்குப் பலவித அபிப்பிராயங்கள் இருக்கலாம். அந்த இருபத்தேழு வயது வாலிபனுடைய சில நிமிஷ சுதந்திரத்தை நினைத்தால் யாருக்குமே நெஞ்சு சற்றுத் துடிக்கத்தான் செய்யும்.

மற்றவைகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். குன்றின் மேலுள்ள மாதா கோயிலுக்குத் துறைமுகத்திலிருந்து 60-ஆம் நம்பர் பஸ் போகிறது. உள்ளே கடலில் தப்பிப் பிழைத்த மாலுமிகள் காணிக்கையாகத் தொங்க விட்ட சின்னஞ்சிறு கப்பல்களைக் குழந்தைகள் விட்டு வர மாட்டார்கள். சுவர்களில் 1944 ஆகஸ்டு யுத்தத்தின் குண்டுத் தழும்புகள் இருக்கின்றன. அந்தக் குன்றை மீட்டவர்களில் அல்ஜீரியச் சிப்பாய்கள் முன் நின்றார்கள் என்பதை மறக்கலாகாது. ஷாத்தோ தீஃப் தீவுச் சிறைக்கு, டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ' கதையைப் படித்தவர்கள் போகாமலிருக்க முடியாது. ஆனால் மிஸ்த்ரால் அடித்தால் படகு கிடையாது. ஆகவே முதல் நல்ல நாளிலேயே போய் வந்து விடுங்கள். 'கலாங்க்' என்னும் வெள்ளைப் பாறைக் கடலிடுக்குகளுக்குக் கோடையில் காட்டுத் தீப் பயத்தால் சில நாள் நடைபாதையை மூடி விடுவார்கள். நிழலோ தண்ணீரோ இல்லாத வழி. முழங்கால் வலிக்காரர்கள் படகிலிருந்தபடியே பார்ப்பது சிலாக்கியம்.

மூன்றாம் நாளை மிஷ்லே பெருஞ்சாலைக்கு ஒதுக்கலாம். 'ரோன்-ப்வான் து பிராதோ' வரையில் மெட்ரோ, பிறகு பஸ். நம் சண்டிகர் நகரத்தை வகுத்த லெ கார்பூஸியே 1952-ல் கட்டி முடித்த பிரம்மாண்டமான அடுக்கு வீடு வழியிலேயே இருக்கிறது. அதையும் தாண்டிப் போனால் மஸார்க் யுத்தக் கல்லறை. 1914 செப்டம்பர் 26-ந் தேதி இந்தியச் சிப்பாய்கள் முதல் தடவையாக இங்கே வந்திறங்கியபோது ஊரார் பூக்களைக் கொடுத்து வரவேற்றார்கள். ஒரே மாதத்தில் அவர்கள் பெல்ஜியத்துச் சேற்றில் செத்துக் கொண்டிருந்தார்கள். எவருடைய சாம்ராஜ்யத்துக்காக என்று கேட்டால், அவர்களுடையதல்ல. புதைக்கப்பட்டவர்களுக்கும் தகனம் செய்யப்பட்டவர்களுக்கும் தனித்தனியே நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே கடை ஒன்றும் கிடையாது. நோவாய்க் கடைத்தெருவில் காலையிலேயே ஒரு முழம் பூவுக்குப் பதிலாக ஒரு செண்டு வாங்கிக் கொண்டு போகலாம்.

ஊருக்கு வாங்கி வர வேண்டியது ஸோப்பு. 1688-ஆம் வருஷத்திலேயே, பதினாலாம் லூயியின் ஆட்சியில், அதைக் காய்ச்சும் முறைக்குச் சட்டம் போட்டார்கள். பிற்காலத்தில் தென்னாற்காட்டு நிலக்கடலை புதுச்சேரியில் கப்பலேறி இந்த ஊர் எண்ணெய் ஆலைகளுக்குத்தான் வந்து சேர்ந்தது. வாசனையும் வர்ணமும் போட்டு அடுக்கியிருப்பவைகளைத் தொட வேண்டாம். நூற்றுக்கு 72 பங்கு எண்ணெய் என்று முத்திரை குத்திய சதுரக் கட்டியே அசல். பச்சைக் கட்டி மேலுக்கு. வெள்ளைக் கட்டி துணிக்கு.